குரலைக் காக்கும் கூடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பாடுதல் ஒரு கலை; நடித்தல் மற்றொரு கலை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நிகழ்த்தி, ஒலிபெருக்கியின் துணையின்றி ஆயிரக்கணக்கானோர் செவிகளுக்குக் கொண்டுசேர்ப்பது ஓபரா. அக்கலையைப் பயிலச் சென்ற கறுப்பின மாணவி ஒருவர்க்கு, அவர் பயின்ற நாளில், அந்நகரின் முதன்மையான ஓபரா அரங்கின் கதவு திறந்திருக்கவில்லை. ஆயினும் அவர் பயின்றார். கதவு திறக்கும் முன்பே செய்த ஒத்திகை, அது திறந்த நாளில் என்ன பயன் தந்தது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இசையால் ஆன நாடகம்

இத்தாலிய மொழியில் 'ஓபரா' என்னும் சொல்லுக்குப் பணி, படைப்பு என்பன பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் சிலர், பண்டைய கிரேக்க நாடகங்கள் இசையோடு நிகழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்று கருதினர். அம்மரபை மீட்டெடுக்க முயன்றபோது பிறந்த புதிய கலைவடிவமே ஓபரா. 1607இல் மாண்டுவா நகரில் அரங்கேறிய மாண்டவெர்டியின் 'ஓர்ஃபியோ' இன்றும் மேடையேறும் மிகப் பழைய ஓபராக்களுள் ஒன்று.

நாடகத்தின் இடையிடையே பாடல்கள் வருவது வேறு. நாடகமே பாடலாக இருப்பது வேறு. ஓபராவில் காதலும் சினமும் சூழ்ச்சியும் பெரும்பாலும் இசையிலேயே பேசப்படும். எனவே ஓபராக் கலைஞர் பாடகராக இருந்தால் மட்டும் போதாது. நடிகராகவும் இருத்தல் வேண்டும். தமக்குத் தாய்மொழியல்லாத இத்தாலியம், செருமானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளைத் திருத்தமாக ஒலிக்கவும் அறிதல் வேண்டும். இத்தனையையும் ஒருங்கே கற்பிக்கும் இடம் 'கன்சர்வேட்டரி' எனப்படும் இசைக்கல்விக்கூடமாகும்.

பெயர் சொல்லும் வரலாறு

'கன்சர்வேட்டோரியோ' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் காக்கும் இடம் என்பது பொருள். தொடக்கத்தில் இச்சொல் இசையைக் குறிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு முதல் நேப்பிள்ஸ் நகரில் பெற்றோரை இழந்த சிறுவர்களைக் காத்த இல்லங்களுக்கே இப்பெயர் வழங்கியது. அச்சிறுவர்கள் பிழைத்துக்கொள்ள ஒரு தொழில் வேண்டும் என்று கருதி அவர்களுக்கு இசை கற்பிக்கப்பட்டது. தேவாலயங்களிலும் விழாக்களிலும் பாடி அவர்கள் ஈட்டிய பொருள் இல்லங்களின் செலவுக்கும் உதவியது. நாளடைவில் அங்குக் கற்பிக்கப்பட்ட இசையின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவ, பெயரின் பொருளும் மாறியது. பிள்ளைகளைக் காத்த இல்லம் இசையைப் பயிற்றும் பள்ளி ஆயிற்று. 1795இல் பாரிசில் நிறுவப்பட்ட கன்சர்வேட்டரி, அரசின் ஆதரவில் இயங்கும் இசைக்கல்விக்கு முன்மாதிரியாக அமைந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1905இல் தொடங்கப்பட்ட ஓர் இசைப்பள்ளியின் வழிவந்தது ஜூலியார்டு இசைக்கல்விக்கூடம். 1948இல் அங்கு மாணவியாகச் சேர்ந்தவர் லியோன்டைன் பிரைஸ்.

லாரலிலிருந்து நியூயார்க்குக்கு

லியோன்டைன் பிரைஸ் 1927 பிப்ரவரி 10ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மரம் அறுக்கும் ஆலையில் தொழிலாளி, தாய் மருத்துவச்சி, தேவாலயப் பாடற்குழுவில் பாடியவர். மகளின் இசை ஆர்வத்தைக் கண்ட பெற்றோர், வீட்டிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியை முன்பணமாக ஈடுகொடுத்து ஒரு பியானோவை வாங்கினர். பிறர் பாடியதைக் கேட்க உதவிய கருவியைக் கொடுத்து, தம் மகள் தாமே வாசிக்கும் கருவியைப் பெற்ற பெற்றோர் அவர்கள்.

அந்நாளைய மிசிசிப்பியில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனிப் பள்ளிகள், தனித்தனி இருக்கைகள். கறுப்பினப் பெண்ணொருத்தி ஓபராக் கலைஞராவது எண்ணிப் பார்க்கவும் அரிதான செய்தி. சிறுமியாக இருந்தபோது ஜாக்சன் நகரில் மரியன் ஆண்டர்சனின் இசையரங்கைக் கேட்டது பிரைசின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. எனினும் அவர் கல்லூரியில் முதலில் தேர்ந்தெடுத்தது இசையாசிரியர்க்குரிய படிப்பைத்தான். ஒகையோ மாநிலக் கல்லூரியில் அவருடைய குரலைக் கேட்டவர்கள் பாடற்பயிற்சியில் முழுமையாக ஈடுபடுமாறு ஊக்கினர்.

ஜூலியார்டில் கல்விக்கட்டணத்திற்கு உதவித்தொகை கிடைத்தது. ஆயினும் நியூயார்க்கில் தங்கவும் உண்ணவும் பணம் வேண்டுமே! புகழ்பெற்ற பாடகர் பால் ராப்சன் அவருக்காக நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சியில் பாடினார். லாரலில் வாழ்ந்த சிஷோம் குடும்பத்தினரும் பொருளுதவி செய்தனர். ஒரு குரல் பள்ளியின் வாயிலை அடைவதற்கே இத்தனை கைகள் தேவைப்பட்டன.

ஒலிபெருக்கி இல்லா அரங்கு

ஜூலியார்டில் பிரைசின் குரலாசிரியர் புளோரன்ஸ் பேஜ் கிம்பல். அவர்களுக்கிடையே ஏற்பட்ட ஆசிரியர் மாணவர் உறவு, பிரைஸ் உலகப்புகழ் பெற்ற பின்னரும் தொடர்ந்தது. ஓபராவில் குரலாசிரியரின் பணி யாது என்பதை அறிய, அக்கலை குரலிடம் எதிர்பார்ப்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நியூயார்க்கின் இன்றைய மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 பேர் அமரலாம். மேடைக்கும் அவையோருக்கும் இடையே உள்ள பள்ளத்தில் பல்லியக்குழு அமர்ந்து இசைக்கும். நரம்புக்கருவிகளும் துளைக்கருவிகளும் முழவுகளும் எழுப்பும் பேரொலியைக் கடந்து, தனியொருவரின் குரல் கடைசி வரிசையை எட்ட வேண்டும். உரக்கக் கத்தி இதனைச் செய்ய இயலாது. கத்தினால் குரல் சில நாள்களிலேயே கெடும்.

பயிற்சி பெற்ற குரலில் நிகழ்வது வேறு. பல்லியக்குழுவின் ஒலியாற்றல் நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் மிகுதியாக இருக்கும். அதற்கு மேலே செல்லச் செல்லக் குறையும். பயின்ற பாடகர்கள், சிறப்பாக ஆண்குரல் பாடகர்கள், தொண்டையின் வடிவத்தை நுட்பமாக அமைத்து, 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தம் குரலின் ஆற்றலைக் குவிக்கின்றனர். கருவிகளின் ஒலி மெலிந்திருக்கும் அவ்விடைவெளியின் வழியே குரல் அவையை அடைகிறது. 'சொப்ரானோ' எனப்படும் உயர்ந்த பெண்குரலில், மேல்நிலைச் சுரங்களைப் பாடும்போது வாயின் திறப்பையும் நாவின் நிலையையும் மாற்றி, பாடும் சுரத்தோடு வாயறையின் அதிர்வை இணக்குவர். உயர்ந்த சுரம் ஒன்றைப் பாடுகையில் குரல்நாண்கள் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் திறந்து மூடுகின்றன. இவ்வளவு மெல்லிய உறுப்பு இவ்வளவு கடிய உழைப்பைத் தாங்க வேண்டுமெனில், மூச்சை அளந்து செலவிடக் கற்பது இன்றியமையாதது.

குரலைச் செல்வத்தோடு ஒப்பிட்டு, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டே பாட வேண்டும் என்று அறிவுறுத்துவது பாடகர்களிடையே வழங்கும் நெறி. வலிமை இருக்கிறது என்பதற்காக அதை ஒரே நாளில் செலவிட்டுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து. காக்கும் இடம் என்னும் பழம்பெயர் இங்கே மீண்டும் பொருள் பெறுகிறது.

சிறு வேடங்கள் கற்பித்தவை

1950இல் பிரைஸ் ஜூலியார்டின் ஓபராப் பயிலரங்கில் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கிடைத்தவை சிறு வேடங்களே. மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவில் முதற்பெண்ணாகவும், புச்சீனியின் 'ஜியானி ஸ்கிக்கி' ஓபராவில் நெல்லா என்னும் உறவினராகவும் அவர் பாடினார்.

இவ்வேடங்களின் இயல்பு கருதத்தக்கது. முதற்பெண் தனித்துப் பாடுபவர் அல்லர். தோழியர் இருவரோடு மும்மடிக் குரலாக இணைந்து பாடுபவர். நெல்லாவோ, இறந்தவரின் சொத்துக்காகக் கூடிநிற்கும் உறவினர் கூட்டத்துள் ஒருவர். தனியே ஒலித்தால் அவையையே நிறைக்கக்கூடிய குரல், இங்குப் பிற குரல்களுக்கு இடம்விட்டு ஒலிக்க வேண்டியிருந்தது. தன் குரல் பக்கத்துக் குரலை மூடாமலும், பக்கத்துக் குரலில் தன் குரல் மூழ்காமலும் பாடுவது தனித்துப் பாடுவதினும் கடினம். அதற்குத் தொண்டையைவிடச் செவியே மிகுதியாக உழைக்க வேண்டும்.

ஒத்திகையின் படிகள்

ஓபரா ஒன்று மேடையேறும் முன் பல படிகளைக் கடக்கிறது. முதற்படியில் பாடகர் பியானோ இசைப்பவர் ஒருவரோடு அமர்ந்து தம் பகுதியைக் கற்பார். சொல்லின் பொருள், ஒலிப்பு, சுரம், தாளம், மூச்சு எடுக்குமிடம் ஆகியவை ஒவ்வொன்றாக உறுதிசெய்யப்படும். பிற மொழியில் பாடுபவர் பொருளறியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்தால், முகமும் உடலும் சொல்லோடு ஒட்டா. எனவே பாடற்பயிற்சிக்கு முன்பே சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக்கொள்வது மாணவர் வழக்கம்.

இரண்டாம் படியில் அனைவரும் கூடிப் பாடுவர். மூன்றாம் படியில் இயக்குநர் அசைவுகளை அமைப்பார். எங்கே நிற்பது, எச்சொல்லில் திரும்புவது, எந்தப் பொருளை எப்போது எடுப்பது என்பன தரையில் ஒட்டிய அடையாளங்களைக் கொண்டு பழக்கப்படும். அமர்ந்து எளிதாகப் பாடிய பகுதி, படியேறிக்கொண்டே பாடும்போது மூச்சுத்திணறச் செய்யும். கண்கள் உடன்நடிப்பவரை நோக்கியிருக்க, கடைக்கண்ணால் இசைநடத்துநரின் கையசைவையும் கவனிக்க வேண்டும்.

அதன்பின் பாடகர்கள் நடிப்பின்றி அமர்ந்து பல்லியக்குழுவோடு முதன்முறையாகப் பாடுவர். பியானோவில் கேட்டுப் பழகிய இசை பல கருவிகளில் விரிவதைக் கேட்டு மாணவர் திகைப்பதுண்டு. தாம் பற்றிக்கொண்டிருந்த சுரம் எக்கருவியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதும் உண்டு. இறுதியில் உடை, ஒப்பனை, ஒளி ஆகியவற்றோடு முழு ஒத்திகை நடைபெறும். இத்தனை ஒத்திகைகளிலும் முழுக்குரலில் பாடினால் அரங்கேற்ற நாளில் குரல் மிஞ்சாது. அசைவுகளைப் பழகும் நாள்களில் பாதிக்குரலில் பாடிக் குரலைச் சேமிப்பதும் ஒரு பயிற்சியே.

ஒன்பது குரல்கள்

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜூலியார்டு மாணவர்கள் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபராவை மேடையேற்றினர். ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரத்தை மையமாகக் கொண்டு, தம் 79ஆம் அகவையில் வெர்டி அரங்கேற்றிய இறுதி ஓபரா அது. முதல் அரங்கேற்றம் 1893இல் மிலான் நகரில் நிகழ்ந்தது.

பருத்த உடலும் பெருத்த தற்பெருமையும் கொண்ட ஃபால்ஸ்டாஃப், செல்வப் பெண்டிர் இருவர்க்கு ஒரே காதல் கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறான். கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்த பெண்கள் நகைத்து, அவனுக்குப் பாடம் புகட்டத் திட்டமிடுகின்றனர். அழுக்குத்துணிக் கூடையில் ஒளிந்த அவன் அக்கூடையோடு தேம்சு ஆற்றில் வீசப்படுகிறான். இத்திட்டத்தை முன்நின்று நடத்தும் ஆலிஸ் ஃபோர்டு என்னும் வேடத்தைப் பிரைஸ் ஏற்றார்.

கைதட்டலைத் தனியே ஈட்டித்தரும் நீண்ட தனிப்பாடல்களால் ஆன ஓபரா அன்று இது. குரல்கள் ஒன்றோடொன்று பேசி, குறுக்கிட்டு, பின்னிச் செல்வதே இதன் அழகு. முதல் அங்கத்தின் முடிவில் பெண்கள் நால்வரும் ஆண்கள் ஐவரும் ஒரே நேரத்தில் பாடுவர். பெண்கள் ஒரு தாளக்கட்டில் ஃபால்ஸ்டாஃபை எள்ளி நகைப்பர். ஆண்கள் வேறொரு தாளக்கட்டில் அவனைப் பழிவாங்கத் திட்டமிடுவர். ஒருவர் இமைப்பொழுது தடுமாறினாலும் ஒன்பது குரல்களும் சிதறும். ஒவ்வொருவரும் தத்தம் தாளத்தை விடாது பற்றவும் வேண்டும். ஏனைய எட்டுப் பேரையும் கேட்கவும் வேண்டும். ஓபராவின் இறுதியில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து அனைவரும் கூடிப் பாடும் பகுதியும் இத்தகையதே.

சிறு வேடங்களில் பழகிய செவிக்கு இங்கே பெரும் தேர்வு வாய்த்தது. தனித்து ஒளிர இடமில்லாத அந்நாடகத்தில்தான் பிரைசின் குரல் கவனிக்கப்பட்டது. அவையிலிருந்த இசையமைப்பாளர் வெர்ஜில் தாம்சன், கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு நிகழ்த்தப்படும் தம் ஓபராவில் பாட அவரைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டில் கெர்ஷ்வினின் 'போர்கி அண்டு பெஸ்' ஓபராவில் பெஸ் வேடமேற்று, டல்லஸ், வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் எனப் பல நகரங்களில் அவர் பாடினார்.

திறவாத கதவு

பிரைஸ் ஆலிஸ் ஃபோர்டாகப் பாடிய நாளில், அதே நகரத்தின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் கறுப்பினப் பாடகர் ஒருவர்கூடத் தனிவேடம் ஏற்றதில்லை. 1883இல் தொடங்கிய அரங்கு அது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன. நியூயார்க் நகர ஓபரா போன்ற அரங்குகள் 1940களிலேயே கறுப்பினக் கலைஞர்களுக்கு இடமளித்திருந்த போதிலும், நாட்டின் தலையாய அரங்கு அவ்வாறு செய்யவில்லை. எனவே ஜூலியார்டில் பிரைஸ் பெற்ற பயிற்சி, பயன்படும் என்னும் உறுதிமொழி எதுவுமின்றிப் பெற்ற பயிற்சியாகும்.

1955 ஜனவரி 7ஆம் நாள் மரியன் ஆண்டர்சன் அவ்வரங்கில் வேடமேற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞரானார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. குரல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளை அக்கதவின் முன் காலம் விழுங்கியிருந்தது. அதே மாதத்தில் தேசியத் தொலைக்காட்சியில் 'டோஸ்கா' ஓபராவின் தலைமை வேடத்தைப் பிரைஸ் ஏற்றபோது, தென்மாநில நிலையங்கள் சில அந்நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. திறமை மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. திறக்க வேண்டியவர்களின் மனமும் மாற வேண்டும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்று.

1957இல் சான் பிரான்சிஸ்கோவிலும், 1958இல் வியன்னாவிலும், 1960இல் மிலான் நகரின் லா ஸ்காலாவிலும் பிரைஸ் பாடினார். 1961 ஜனவரி 27ஆம் நாள் 'இல் ட்ரோவடோரே' ஓபராவில் லியோனோராவாக மெட்ரோபாலிட்டன் மேடையில் முதன்முறையாகத் தோன்றினார். நிகழ்ச்சி முடிந்தபின் அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கையொலி ஓயவில்லை. 1966இல் அவ்வரங்கம் லிங்கன் மையத்தின் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, தொடக்கநாள் ஓபராவின் தலைமை வேடம் அவருக்கே வழங்கப்பட்டது. ஒருகாலத்தில் தம்மவர்க்கு இடமளிக்காத நிறுவனத்தின் புதுமனைப் புகுவிழாவில் முதற்குரலாக அவர் ஒலித்தார்.

காத்த குரல்

1985 ஜனவரி 3ஆம் நாள் 'அய்டா' ஓபராவில் பாடி, ஓபரா மேடையிலிருந்து பிரைஸ் விடைபெற்றார். மாணவியாக 'ஃபால்ஸ்டாஃப்' பாடிய நாளிலிருந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகளும் குரலை இழக்காமல் காத்ததற்கு இளமையில் கற்ற அளவறிந்த பயிற்சியே அடித்தளம்.

இசைக்கல்விக்கூடம் குரலைப் புதிதாகப் படைத்துத் தருவதில்லை. குரல் லாரலின் தேவாலயத்திலேயே முளைத்திருந்தது. அதைச் செலவழிக்காமல் வளர்க்கும் முறையையும், பிற குரல்களைக் கேட்டுக்கொண்டே தன் குரலை இழக்காதிருக்கும் திறத்தையும் அக்கூடம் கற்பித்தது. சமூகத்தின் கதவுகள் எப்போது திறக்கும் என்பது கற்பவர் கையில் இல்லை. திறக்கும்போது ஆயத்தமாக நிற்பது அவர் கையில் உள்ளது. ஆயத்தமாக நிற்போரை நெடுநாள் வாயிலில் காக்கவைக்காதிருப்பதோ சமூகத்தின் கடமை.

தெரியுமா?

ஓபராக் குரல்கள் அவற்றின் உயரத்துக்கேற்ப வகைப்படுத்தப்படுகின்றன. பெண்குரல்களில் உயர்ந்தது சொப்ரானோ, இடைப்பட்டது மெஸ்ஸோ சொப்ரானோ, தாழ்ந்தது கான்ட்ரால்டோ. ஆண்குரல்களில் உயர்ந்தது டெனர், இடைப்பட்டது பாரிடோன், தாழ்ந்தது பாஸ். லியோன்டைன் பிரைஸ் சொப்ரானோ வகையினர். மரியன் ஆண்டர்சன் கான்ட்ரால்டோ வகையினர்.

கற்பவை கற்றபின்

1. நான்கு மாணவர் ஒரு குழுவாக அமைந்து, ஒரே பாடலை முதலில் தனித்தனியாகவும் பின்னர்ச் சேர்ந்தும் பாடுக. சேர்ந்து பாடியபோது கேட்கும் முறையில் ஏற்பட்ட மாற்றத்தை வகுப்பில் எடுத்துரைக்க.

2. உங்கள் பள்ளி விழாவில் நடைபெறும் நாடகம் ஒன்றின் ஒத்திகைப் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.

குறுவினா

'கன்சர்வேட்டோரியோ' என்னும் சொல் தொடக்கத்தில் எதனைக் குறித்தது?

சிறுவினா

பல்லியக்குழுவின் ஒலியைக் கடந்து ஓபராப் பாடகரின் குரல் அவையை எட்டும் முறையை விளக்குக.

நெடுவினா

'திறமை மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை' என்னும் கூற்றை லியோன்டைன் பிரைஸ், மரியன் ஆண்டர்சன் ஆகியோர் வாழ்க்கை நிகழ்வுகளின் வழி ஆராய்ந்து எழுதுக.